தகப்பனார் பெயர்

மேடையில் அவன் நான்காவது கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தான்.

அவள் ஆறாவது வரிசையில் இருந்தாள். கேட்கக் கேட்க உடம்பெல்லாம் எரிந்தது.

அது அவளுடைய அம்மா எழுதிய கடிதம்.

அவன் அருணகிரியாரின் பேரன், இளஞ்சேரன். ஒன்பது வருடம் சிறையில் கிடந்து, இன்று ஊருக்கு ஊர் சிலையாக நிற்கிற அதே அருணகிரியார். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த காதல் கடிதங்களைப் பேரன் புத்தகமாகப் போட்டிருந்தான். இன்று வெளியீடு.

"தலைவர்களும் மனுஷங்கதானே?" என்றான்.

மண்டபம் சிரித்தது. கைதட்டியது.

"கீழ 'ரோ'ன்னு மட்டும்தான் கையெழுத்து. அந்தம்மா யாருன்னு எவ்வளவோ தேடிட்டோம். கண்டுபிடிக்கவே முடியல."

ரோசலின். கட்சிப் பத்திரிகையில் டைப்பிஸ்ட். திண்டுக்கல்லில் ஒரே வாடகை வீட்டில் ஐம்பது வருடம் இருந்துவிட்டு, போன மார்ச்சில்தான் செத்துப்போனாள்.

தேடினானாம்.

அவள் எழுந்தாள்.

படியேறியபோது யாரும் தடுக்கவில்லை. நரைத்த தலை, கஞ்சி போட்ட பருத்திச் சேலை. யாரோ ஓய்வுபெற்ற டீச்சர், வாழ்த்திப் பேச வருகிறார் என்று நினைத்திருப்பார்கள். நிகழ்ச்சியைத் தொகுத்த பெண் சிரித்துக்கொண்டே மைக்கைக் கொடுத்தாள்.

இளஞ்சேரன் அவளைப் பார்த்ததுமே வாசிப்பதை நிறுத்தியிருந்தான்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கார்பன் நகல். எதை டைப் அடித்தாலும் ஒரு நகல் எடுத்து வைப்பது அம்மாவின் பழக்கம்.

"புத்தகத்துல ஒரு கடிதம் விட்டுப்போச்சு. நானே வாசிச்சிடுறேன்."

ஒரு கையில் மைக்கும் மறு கையில் தாளுமாக வாசித்தாள்.

"ஐயா, குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். தகப்பனார் பெயர் கேட்கிறார்கள். என்ன எழுதுவது என்று ஒரு வரி தெரிவிக்கவும். ஜூன் ஐந்தோடு சேர்க்கை முடிகிறது."

அவ்வளவுதான் கடிதம்.

"பதில் வரல," என்றாள். "ஆறாம் தேதி ஹெட்மாஸ்டர் கால்ல விழுந்து என்னையச் சேத்தாங்க. அப்பா பேருக்கு நேரா ஒரு கோடு போட்டாங்க."

முதலில் சலசலப்பு. பிறகு கூச்சல்.

முன்வரிசையில் தோளில் துண்டு போட்ட ஒருவர் எழுந்து நின்றார்.

"ஏம்மா, யாரு நீ? தலைவர் பேரைக் கெடுக்க எவன் அனுப்புனான்?"

அத்தனை காதல் கடிதத்துக்கும் கெடாத பேர்.

அவள் வாய் திறப்பதற்குள் இளஞ்சேரன் பக்கத்தில் வந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. முழங்கையைப் பிடித்து, காதருகே குனிந்தான்.

"அத்தை, ப்ளீஸ். கீழ போய்ப் பேசிக்கலாம்."

மைக் அவள் கையில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

கூச்சல் நின்றது.

அவள் கையை உதறினாள். மைக்கை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"இப்ப என்னைய என்னன்னு கூப்பிட்ட?"