தானே மூடும் ஜன்னல்

“பைன் மரத்துக் காய் ஈரம் பட்டா மூடிக்கும், காய்ஞ்சா திறக்கும். இந்த ஜன்னல் பலகையும் அப்படித்தான் சார், மழை பட்டா தானே வளைஞ்சு மூடிக்கும். மோட்டாரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்,” என்று மருத்துவமனைத் தலைவரிடம் சொன்னார் கட்டடக் கலைஞர். மாதிரி ஜன்னல் மூடிக்கொண்டால், புதிய மருத்துவமனையின் ஜன்னல் வேலை முழுவதும் அவருக்குத்தான்.

தண்ணீரைப் பீய்ச்சினார். பலகைகள் அசையவில்லை. ஒரு வாளி நீரை ஊற்றியும் பயனில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பலகைகளைச் செய்த தச்சரிடம் திரும்பினார் கலைஞர். “அண்ணே, என்ன பண்ணீங்க?”

தச்சர் நெஞ்சை நிமிர்த்தினார். “போன மழையில எல்லாம் வளைஞ்சு போச்சு தம்பி. உங்க மானம் போயிடக் கூடாதேன்னு நிமிர்த்தி, மூணு தடவை வார்னிஷ் அடிச்சுட்டேன். இனி வெள்ளமே வந்தாலும் அசையாது!”

தலைவர் முதன்முறையாகச் சிரித்தார். “மழைக்கு வளையாத ஜன்னல் செய்ய இப்படி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். எல்லா ஜன்னலையும் இவரே செய்யட்டும்.”