ஒரு கூடை மண்

மண்வெட்டியை ஓங்குவதற்கு முன் அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

சமாதி மேடு அது. அவளுக்கு மூத்தவள், புருஷன் தேசிங்கின் முதல் தாரம் அஞ்சலாட்சி, அதனடியில் இருக்கிறாள். தலைமாட்டில் தேசிங்கு அன்று நட்ட முந்திரிக் கன்றுதான் இன்று தோப்பிலேயே பெரிய மரம்.

வருடா வருடம் தை அமாவாசைக்கு அவன் ஒரு கூடை செம்மண் சுமந்து வந்து மேட்டில் கொட்டுவான். சுமங்கலியாகப் போனவள் பூவாடைக்காரி, வீட்டுக்குத் தெய்வம். அவளுக்குப் புடவை வைத்துப் படையல் போடுவார்கள். கும்பிட்ட புடவையை இளையவள் உடுத்த வேண்டும். மறுபேச்சில்லாமல் உடுத்தினாள்.

வீட்டு விஷயம் எதுவானாலும் தேசிங்கு அன்றைக்கு மேட்டிடம்தான் கேட்பான். கிணற்றை ஆழப்படுத்தலாமா. மகள் வளர்மதியை மேலே படிக்க வைக்கலாமா. இளையவள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அதில்கூட அவளுக்கு வருத்தமில்லை. செத்தவளோடு என்ன போட்டி.

வருத்தமெல்லாம் அந்தக் கூடை மண்ணில்தான்.

மேடு உயர உயர மரத்தின் அடி உள்ளே போனது. தண்டும் வேரும் சேருமிடம் காற்றுப் படாமல் முழங்கால் ஆழத்தில் ஊறிக் கிடந்தது. வேர்ப்புழுவுக்கு வேறென்ன வேண்டும். வருந்தி அழைத்து விருந்து வைத்த மாதிரிதான்.

அவள் முந்திரிக் காட்டில் பிறந்து வளர்ந்தவள். ஐப்பசியிலேயே மரத்தில் காது வைத்துக் கேட்டுவிட்டாள். உள்ளே கறகறவென்று கடிக்கும் சத்தம். கார்த்திகையில் பிசின் வடிந்தது. மார்கழியில் ஒரு கிளை மட்டும் மஞ்சளாகிப் போனது.

ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், இந்த வருஷம் மண் போட வேண்டாமே, மரம் தாங்காது என்று. தேசிங்கு பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனான். அஞ்சலாட்சி பெற்ற மகள் வளர்மதி சித்தியை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. மூத்தாள் மேட்டை இளையாள் கரைக்கிறாள் என்று ஊர் சொல்ல எவ்வளவு நேரமாகும்.

ஆனால் இது செத்தால் அடுத்தது பக்கத்து மரம். அப்புறம் தோப்பு. புழு மூத்தாள் இளையாள் பார்க்காது.

இன்று அமாவாசை. வடைக்கு உளுந்து ஊறுகிறது. அப்பனும் மகளும் ஓடைக்கரைக்கு மண் எடுக்கப் போயிருக்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

வேர் வெட்டுப்படக் கூடாதென்று மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் வாரினாள். சவம் ஆழத்தில் இருக்கிறது, தான் தொடுவது மேலே ஏற்றிய மண்ணைத்தான் என்று அவளுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

மண்ணோடு ஊதுவத்திக் குச்சிகள் வந்தன. ஒரு கண்ணாடி வளையல் துண்டு வந்தது. எல்லாவற்றையும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அடிமரம் தெரிந்தது.

கருத்து, நைந்து, மரத்தூள் கக்கிக்கொண்டிருந்தது.

உளியால் அழுகிய பட்டையைச் செதுக்கினாள். சுற்றளவில் பாதிக்கு மேல் போயிருந்தால் மரம் தேறாது. விரல் வைத்துத் தடவியபடி ஒரு சுற்று வந்தாள்.

பாதி போகவில்லை. பாதிக்குக் கொஞ்சம் குறைவு.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் இந்த இடத்தில் அவள் அழுதது இதுதான் முதல் தடவை.

பொந்தில் கம்பியை விட்டு இழுத்தாள். விரல் தண்டிக்கு வெள்ளைப் புழு ஒன்று வந்தது. இன்னும் ஒன்று வந்தது; அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வேப்பெண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கத் திரும்பினாள்.

வளர்மதி நின்றுகொண்டிருந்தாள், கையில் பூவும் புதுப் புடவையும். அவளுக்குப் பின்னால் தேசிங்கு, தலையில் மண் கூடை.



அவள் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையை மட்டும் விரித்துக் காட்டினாள். புழு நெளிந்தது.

தேசிங்கு புழுவைப் பார்த்தான். மேடு இருந்த இடத்தைப் பார்த்தான். முகம் இறுகிப் போயிற்று. என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வளர்மதிதான் முதலில் அசைந்தாள். பூவையும் புடவையையும் சித்தியின் பக்கத்தில் வைத்தாள். குந்தி உட்கார்ந்து, செதுக்கிய இடத்துக்கு மேலே மரத்தில் காதை வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு காதை எடுக்காமலேயே அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

உள்ளே இன்னும் ஒன்று இருக்கிறது.

தேசிங்கின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இறக்கி வைக்க இடம் தெரியாதவன்போலக் கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இந்த மண்ண எங்க கொட்டட்டும்?”

அவள் பழக்கத்தில் மேடு இருந்த பக்கம் திரும்பினாள். அவனுக்கு அங்கிருந்துதான் பதில் வரவேண்டும் என்பதுபோல.

அங்கே வேர் மட்டும் இருந்தது, ஈரத்தோடு, வெயிலில்.

நிமிர்ந்தாள். அவன் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.