ரெலிஷுக்கு ஓர் உதாரணம்

"வாயைத் திற. உப்பு சரியா இருக்கான்னு சொல்லு."

கரண்டியில் சூப்போடு மேஜையருகே வந்து நின்றார் கணவர். பெரிய ஹோட்டலில் தலைமைச் சமையல்காரர். இன்று வார விடுமுறை. மனைவிக்கோ எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊரே உங்க கைச் சமையலுக்கு வரிசையில நிக்குது. உப்புப் பார்க்க நான்தான் வேணுமா? கொஞ்சலெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்!" திட்டிக்கொண்டே உறிஞ்சினாள். "சரியாத்தான் இருக்கு. போங்க."

அவள் தலைவலி அவளுக்கு. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில - தமிழ் அகராதியில் 'ரெலிஷ்' என்ற ஒற்றைச் சொல் காலையிலிருந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. 'ருசித்து அனுபவித்தல்' என்று பொருள் எழுதியாகிவிட்டது. உதாரணம்தான் தேறவில்லை. 'அவன் பழத்தை ரசித்துச் சாப்பிட்டான்' என்று அனுப்பினால், பதிப்பாசிரியர் போனிலேயே வள்ளென்று விழுந்தார்.

"ரசிச்சுன்னா எப்படிம்மா? படிக்கிற பிள்ளைக்கு எச்சில் ஊற வேண்டாமா? சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலைன்னா, மீதி வேலையை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்."

அடுத்து அனுப்பியதும் போன வேகத்தில் திரும்பி வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. இத்தனை நாள் உழைப்பு ஒரு பாழாய்ப்போன சொல்லால் கைநழுவப் போகிறதே என்று அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

"ஏங்க, நாள் முழுக்கச் சாப்பாட்டோடதானே இருக்கீங்க? ரசிச்சுச் சாப்பிடறதுன்னா எப்படின்னு சொல்லித் தொலைங்களேன்!"

அவர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"முதல் வாய்க்குப் புருவம் மேல போகும். அடுத்த வாய்க்குப் பேச்சு நின்னுடும். பக்கத்துல போன் அடிச்சாலும் கை அந்தப் பக்கம் போகாது. கடைசியில யாராவது பார்க்கறாங்களான்னு ஒரு திருட்டு முழி. அப்புறம் விரல் கிண்ணத்தை ஒட்ட வழிச்சுடும்."

அவள் அப்படியே எழுதி அனுப்பினாள். பதில் உடனே வந்தது. 'அபாரம்! அடுத்த சொல்லுக்குப் போங்க.'

"அப்பாடா! பிழைச்சேன்!" நாற்காலியில் சாய்ந்தாள். "அப்படி எதைங்க ரசிச்சுச் சாப்பிட்டீங்க? எனக்கும் ஒருநாள் செஞ்சு போடுங்க."

"அது நான் இல்ல. நீ சாப்பிடறதைப் பார்த்துத்தான் சொன்னேன்."

"ஆமா, பெரிய இவரு! ஏன், நீங்க ரசிச்சதே இல்லையாக்கும்?"

அவர் ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஹோட்டல்ல யார் காதுக்கும் போயிடக் கூடாது. போன மாசக் காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு ருசியே தெரியலைம்மா."