உயிரற்றவை வரிசையில் ஒன்று

பலூனை ஊதி, முனையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, காற்றும் இடத்தை அடைக்கும், அதுவும் பருப்பொருள்தான் என்று நான்காம் வகுப்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடத்தின் மறுகோடியிலிருந்து மணிமேகலை டீச்சர் என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். பலூனைப் பிடித்தபடியே அவரிடம் போனேன்.

எங்களுடையது விராலிமலைக்குப் பக்கத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. அவர், தலைமையாசிரியராக நான், பத்தொன்பது பிள்ளைகள், ஒரே கூடம்.

அவர் மூன்றாம் வகுப்புக்கு உயிருள்ளவை, உயிரற்றவை நடத்திக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்தோ வழியிலிருந்தோ ஆளுக்கொரு பொருள் கொண்டுவரச் சொல்லியிருந்தார். தரையில் இரண்டு கோணி விரித்திருந்தது. ஒன்றில் தொட்டாச்சிணுங்கிச் செடி, நத்தை, அருள்மணி தூக்கிவந்த கோழிக்குஞ்சு. மற்றதில் சாவி, ஓட்டை டம்ளர், செல்போன் கவர், கூழாங்கல்.

கூழாங்கல்லுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டை. மேலே சணல் நூல் இறுக்கிச் சுற்றியிருந்தது.

ஏதோ கயிற்றுப் பந்து என்று எடுக்கக் குனிந்தேன். டீச்சர் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒன்பது வருடமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறோம், விரல் பட்டதில்லை. அவர் கை ஐஸாக இருந்தது.

அவுட்டுக்காய் என்றார், பிள்ளைகளுக்குக் கேட்காமல்.

காட்டுப்பன்றிக்கு வைக்கிற வெடி அது. கடலைக் கொல்லையைக் கிளறிப் போடுகிற பன்றி மேலே தடவிய கருவாட்டு வாசனைக்கு வந்து கடித்தால் தலை இருக்காது. போன வருடம் ஊர் நாய் ஒன்று கடித்துவிட்டு, தாடை இல்லாமல் இரண்டு நாள் திரிந்து செத்தது.

எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருக்கிறது. கையில் இந்தப் பலூன் வேறு. விட்டால் சீறிக்கொண்டு பறக்கும், பிள்ளைகள் துள்ளுவார்கள், யாராவது ஒருவன் கோணியை மிதிப்பான். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். தலைமையாசிரியர் என்ற லட்சணத்துக்கு நான் செய்தது அது ஒன்றுதான்.

கோழிக்குஞ்சு தன் கோணியை விட்டு இறங்கியது. நேராக உருண்டையிடம் போய் நூலைக் கொத்தியது. ஒரு கொத்து. இன்னொரு கொத்து.

டீச்சர் அதைப் பதமாகத் தூக்கி அருள்மணி கையில் கொடுத்தார். மீதி வகுப்பு வெளியில்தான், எல்லாரும் சத்தமில்லாமல் எழுந்து புங்கமரத்தடிக்குப் போங்கள் என்றார். குரலில் நடுக்கமே இல்லை. ஒவ்வொருவராகப் போனார்கள்.

கார்முகில் மட்டும் போகவில்லை. உருண்டையைக் கொண்டுவந்தவள் அவள்தான். பாதையில் கிடந்ததாம். உயிரற்றது என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று டீச்சர் கேட்பார் என்று, பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன் டீச்சர். ஆட்டிப் பாத்தேன், அசையல. கல்லுல தட்டியும் பாத்தேன். உசுரு இல்ல."

டீச்சர் அவள் தலையில் கை வைத்தார். சரியாகப் பார்த்திருக்கிறாய் என்று சொல்லி அனுப்பினார். அவள் வாசலைத் தாண்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நான் பலூன் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு முடித்தேன். அதன் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. பிள்ளைகள் நடக்கிற பாதையில் வைத்தவன் மனுசனா, அவன் கை விளங்குமா என்று கண்டபடி திட்டினேன்.

திட்டி முடித்ததும் பயம் வந்தது. போலீஸ் வரும். டிவிக்காரர்கள் வருவார்கள். வட்டாரக் கல்வி அலுவலர் விளக்கம் கேட்பார். வழியில் கிடப்பதைப் பொறுக்கிவரச் சொன்னது யார் என்று முதல் கேள்வியே உங்களைத்தான் கேட்பார்கள் டீச்சர் என்றேன். வாளித் தண்ணீரில் போட்டு, பின்னால் இருக்கிற பாழுங்கிணற்றில் இறக்கிவிடலாம். பிள்ளைகளிடம் கயிற்றுப் பந்து என்று சொன்னால் தீர்ந்தது. ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

அவர் வெளியே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. தலைகளை எண்ணுகிறார். காலையிலிருந்து இது எத்தனையாவது முறையோ.

சரி என்று சொல்லிவிடுவார் என்றே நம்பினேன். சொல்லிவிட வேண்டுமே என்று இருந்தது எனக்கு.

"போலீஸுக்குப் போன் போடுங்க சார். நேத்து ராத்திரி பன்னெண்டு வச்சாரு. விடியக்காலையில பத்துதான் எடுத்துட்டு வந்தாரு. இன்னும் ஒண்ணு அங்கிட்டுத்தான் கெடக்கு."

போனை எடுத்தேன், எண்ணை அழுத்தவில்லை. அவரே வாங்கி அழுத்தினார். ஊர், பள்ளி, பொருள் கிடந்த இடம் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். அதைக் கொண்டுபோய் வைத்தது யார் என்று அந்தப் பக்கம் கேட்டது என் காதிலும் விழுந்தது.

இத்தனை வருடத்தில் விடுப்புக் கடிதத்தில்கூட அவர் 'என் கணவர்' என்றுதான் எழுதுவார். பேச்சில் வீட்டுக்காரர் என்பார், அவங்க என்பார். பெயரை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை.

திருப்பதி என்றார்.

அந்தப் பக்கம் சரியாக விழவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை சொன்னார், கொஞ்சம் சத்தமாக.