மாமாவுக்கு வந்த மூட்டுவலி

அத்தையின் வலி மாத்திரையை மாமா திருடுவதை என் கண்ணால் பார்த்தேன்.

தையல் மெஷின் டிராயரிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். அதே இடத்தில் வேறு ஏதோ ஓர் அட்டையை வைத்தார். திரும்பினால் நான் நிற்கிறேன், இடுப்பில் குழந்தையோடு. "பாப்பா இன்னும் தூங்கலையா?" என்று கேட்டுவிட்டு நொண்டிக்கொண்டே போய்விட்டார்.

அந்த நொண்டல் இருக்கிறதே, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முட்டி தேய்ந்துபோனது உண்மையில் என் மாமியாருக்கு. இருபத்தைந்து வருஷம் மெஷின் மிதித்த கால். போன வருஷம் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இப்படியே விட்டால் இரண்டு வருஷத்தில் மெஷினை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். முட்டியில் ஊசி என்ற பேச்சு காதில் விழுந்ததும் அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்தான். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. மாத்திரையை விழுங்குவார், மிதிப்பார். யாராவது விசாரித்தால், "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்பார்.

இந்த லட்சணத்தில் போன மாதம் மாமனாருக்கும் மூட்டுவலி வந்தது. பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். வலி என்றால் சாதாரண வலி இல்லை. எழுந்தால் 'அம்மா', உட்கார்ந்தால் 'அப்பா'. டாக்டர் பயிற்சி செய்யச் சொன்னாராம். தனியாகச் செய்தால் எண்ணிக்கை விட்டுப்போகிறதாம். அதனால் அரை மணிக்கு ஒரு தரம் அத்தையை மெஷினிலிருந்து எழுப்பிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். காலை நீட்டி, தூக்கி, பத்து எண்ணி, இறக்கணும். அவர் தூக்கினால் அத்தையும் தூக்கணும்.

"உங்க முட்டிக்கு நான் எதுக்குங்க காலைத் தூக்கணும்?"

"நாப்பது வருஷமா கூடவே நின்னு குறை சொன்னே இல்ல? இதுக்கும் கூட இரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதே மாமா குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுவதை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். வாசல்படி வந்ததும் நொண்டல் வந்துவிடும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். உனக்கெதுக்கு வம்பு என்றார், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

இப்போது மாத்திரையிலும் கை வைத்தாயிற்று. அத்தையிடம் சொல்லிவிட இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னார். கோத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் மாமாவுக்குப் புது ஊசி என்று நாள் குறித்தார்கள். கையிலிருந்து ரத்தம் எடுத்து, ஒரு மெஷினில் போட்டுச் சுற்றி, தனியாகப் பிரிகிற மஞ்சள் தண்ணியை மட்டும் முட்டியில் ஏற்றுவார்களாம். அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உங்க ரத்தத்தை எடுத்து உங்களுக்கே போட ஒரு டாக்டரா? உள்ளதானே இருந்துச்சு, அது எதுக்கு வெளிய போய்ட்டு வரணும்?"

துணைக்கு அத்தையும் குழந்தையோடு நானும் போனோம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். இது மாயமருந்து இல்லை, எல்லாருக்கும் கேட்கும் என்றும் சொல்ல முடியாது. கேட்டால் வலி குறையும், ஆபரேஷனைத் தள்ளிப்போடப் பார்க்கலாம். பயிற்சியை மட்டும் விடக்கூடாது. சொன்னது மாமாவிடம், பார்த்தது அத்தையை.

மாமா கட்டிலில் படுத்தார். ரத்தம் எடுக்க நர்ஸ் அவர் கையில் பட்டையைக் கட்டியதும் எழுந்து உட்கார்ந்தார். வேண்டாம் என்றார். மறுபடி படுத்தார். பாத்ரூம் போகணும் என்றார். மலைப்பாதையில் பஸ் ஓட்டின மனுஷன், வெளியில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்கு முனகினார்.

அத்தைக்கு மானம் போயிற்று.

"ஒரு கொசுக்கடிக்கா இந்தக் கூப்பாடு? டாக்டர், எனக்கும்தான் முட்டி தேஞ்சு கிடக்கு. முதல்ல எனக்குப் போடுங்க. இவரு பார்த்துக் கத்துக்கட்டும்."

நன்றாக யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று டாக்டர் இரண்டு முறை கேட்டார். அத்தை காகிதத்தைப் பிடுங்கிக் கையெழுத்தே போட்டுவிட்டார். நர்ஸ் அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனதும், டாக்டர் மாமாவிடம் குனிந்தார்.

"அம்மா பழைய மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் ஆச்சில்ல? அதைப் போட்டுக்கிட்டிருந்தா இந்த ஊசி சரியா வேலை செய்யாது."

"எட்டு நாள். நீங்க குடுத்ததைத்தான் போடுறா" என்றார் மாமா, முனகலை நிறுத்தாமலே.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமா முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அத்தைக்கு ரத்தம் எடுத்தார்கள், மெஷின் சுற்றியது, முட்டியில் ஊசி இறங்கியது. அத்தை பிடித்த பிடியில் என் விரல் நசுங்கியது. முகத்தில் மட்டும் ஒன்றும் காட்டவில்லை. வெளியே வந்தால், மாமா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, வலி தானாக விட்டுப்போச்சு என்று சொல்லி ஆட்டோ பிடிக்க ஓடினார். ஓடியேவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அத்தை, மாமாவுக்கு வலியே இல்ல" என்றேன்.

"அது எனக்கு மூணாம் நாளே தெரியும்டி. ரெண்டு நாள் இந்தக் காலை நொண்டினாரு, மூணாம் நாள் அந்தக் காலை."

"தெரிஞ்சுமா ஊசி போட்டுக்கிட்டீங்க?"

ஆட்டோ வந்து நின்றது. அத்தை குரலைத் தாழ்த்தினார்.

"போன தடவை பயந்து ஓடியாந்தவ, திரும்ப வரேன்னு நானா எப்படிச் சொல்றது? நீ வாயைத் திறந்துடாதே. என்னை ஏமாத்திட்டோம்னு மனுஷன் எவ்வளவு சந்தோஷமா இருக்காரு, பாரு."