கல்லறைக்கு வந்த சீமாட்டி

“ஜேன், பாசி ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது. லண்டன்ல இருந்து சீமாட்டி வர்றாங்க” என்றார் மிஸ் லவினியா. ஜேன் மண்டியிட்டுக் கல்லறைக் கல்லைத் தேய்த்தாள்.

சீமாட்டி வந்ததுமே கல்லில் இருந்த பெயரைப் படித்து விசும்பினார். “இதுவா நம்ம கெசியா! உங்க புத்தகத்தைப் படிச்சு எங்க வீட்ல அழாதவங்க இல்ல. அந்தக் காய்ச்சல்லயும் இயேசு பேரைச் சொல்லிக்கிட்டே உயிரை விட்டாளாமே!”

“என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனா. ஒவ்வொரு வரியும் நிஜம்” என்றார் மிஸ் லவினியா.

சீமாட்டி கல்லின் மேல் ரோஜாக்களை வைத்தார். “உனக்கு அவளைத் தெரியுமாம்மா?” என்று ஜேனைக் கேட்டார்.

“இவ புதுசு, ஒண்ணும் தெரியாது” என்று மிஸ் லவினியா முந்திக்கொண்டார்.

“உங்க ஏழைப் பிள்ளைங்க விடுதிக்கு இனிமே வருஷா வருஷம் நான் கொடுக்கிறேன்” என்றபடி சீமாட்டி வண்டி ஏறினார். மிஸ் லவினியாவும் கூடப் போனார்.

குழி வெட்டும் ஓபேத் கிழவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஜேனைப் பார்த்துச் சிரித்தார். “தன் கல்லறையைத் தானே கழுவுற கொடுப்பினை யாருக்கு வாய்க்கும், கெசியா?”

“மெதுவாப் பேசுங்க தாத்தா. அந்தப் பேர் அவங்க காதுல விழுந்தா எனக்கு வேலை போயிடும்.”

“புத்தகம் அச்சாகி வந்தப்புறம் நீ பிழைச்சு எழுந்தா, பாவம், அவங்கதான் என்ன பண்ணுவாங்க? ஆனா உள்ள கிடக்கிறது உங்கம்மா. அவ பேரையாவது கல்லுல போட்டிருக்கலாம்.”

ஜேன் ரோஜாக்களைக் கல்லிலிருந்து எடுத்து அம்மாவின் மண்மேட்டின் மேல் வைத்தாள்.

“எங்கம்மா கடைசி வரைக்கும் இயேசுவைக் கூப்பிடல தாத்தா. கஞ்சிதான் கேட்டா. அதை எழுத முடியாதாம்.”