நாய் கடித்த திரை

"அந்த எதிர்வூட்டுக்காரி மூஞ்சி என் கண்ணுல படக் கூடாது!" என்று, தாழ்வான சன்னலில் பழைய வேட்டியைக் கட்டினார் வேடியப்பன். மறுநாளே வீட்டு நாய்கள் இரண்டும் அதைக் குதறிப் போட்டன.

ஜமுனாமரத்தூர் சந்தையில் முரட்டுத் துணியாகப் பார்த்து வாங்கி வந்து மாட்டினார். அதுவும் நார்நாராய்ப் போனது. சாக்கைக் கட்டினார். ஆணியில் கயிறுதான் மிஞ்சியது.

"தின்ன சோத்துக்கு நன்றி இல்லாத சனியனுங்க!" என்று அவரைவிட உரக்கத் திட்டினாள் மனைவி சுந்தரம்மாள். "மூங்கில் தட்டி கட்டுய்யா. அதை எப்படிக் கடிக்குதுங்கன்னு பாக்கலாம்."

கடித்தன. தட்டியின் கீழ்ப்பாதி சிம்பு சிம்பாய்த் தரையில் கிடந்தது. எதிர்வீடு முழுசாய்த் தெரிந்தது.

வேடியப்பனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "ரெண்டையும் கண்ணமங்கலத்துல வுட்டுட்டு வர்றேன்" என்று கழுத்தில் கயிறு போட்டு இழுத்தார். நாய்கள் திமிறிக்கொண்டு சுந்தரம்மாள் மேல் பாய்ந்து, அவள் முந்தானை முடிச்சைக் கவ்வின. முடிச்சு அவிழ்ந்து கருவாட்டுத் தலைகள் சிதறின.

வேடியப்பன் குனிந்து தட்டியை முகர்ந்தார். அதே கவுச்சி.

"கருவாட்டைத் தேய்ச்சி நீயே கடிக்க வுட்டியா? இன்னா கொழுப்புடீ உனக்கு!"

"ஆமா, நான்தான்." அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. "எதிர்வூட்டுப் பையனோட ஓடிப்போயி கட்டிக்கினாள்னு நீ அவளைத் தலைமுழுகிட்ட. நான் பெத்த பொண்ணுய்யா அவ. அவ புள்ள இப்பத்தான் எழுந்து நடக்கறான். புடிக்கலன்னா நீ கண்ணை மூடிக்க. சன்னலை மூடாத."